கீழ்த்தளத்தில் பகல்

நார்த்டேல் சரிவில் வீடு.
தெருவிலிருந்து பார்த்தால் ஒரு தளம்,
ஓடைப் பக்கமாக இறங்கி வந்தால் இரண்டு.
மேலே திலோஷினி தூங்கும் அறை.
அதற்கு நேர் கீழே
முன்பு குடியிருந்தவர் பழைய டயர் அடுக்கி வைத்திருந்த
ஓர் இருட்டு.

ஜூலைப் பனிக்கு மிளகாய் நாற்று ஒன்றும் மிஞ்சவில்லை.
ஷூ ஃபேக்டரியும் மூடியாயிற்று.
ஐம்பத்து மூன்று வயதில்
ஒரு விளக்கும் ஒரு விசிறியும் போதும் என்று கீழே இறங்கினேன்.

விளக்கு பிரச்னையில்லை.
விசிறிதான்.
போட்ட முதல் நாளே அதன் ரீங்காரம்
சுவரேறிக் கட்டில் கால் வழியே போயிருக்கிறது.
ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு மணி நேரம் நின்றுவிட்டு
எட்டு மணிக்குக் கண் மூடியவள்
ஒன்பதரைக்கு வாசலில் நின்றாள்.
திட்டவில்லை.
"வார்டு மெஷின் மாதிரியே இருக்கு சாகரா,
யாருக்கோ மூச்சு நிக்கப் போற மாதிரி."

ராத்திரியில் ஓட்டேன் என்றான் பூபாலன்.
ராத்திரிக்கு மின்வெட்டு, பகலுக்குத் திலோஷினி.
இரண்டில் பகலோடுதான் பேசிப் பார்க்க முடியும்.

ஃபேக்டரி ஏலத்தில் யாரும் கேட்காத நுரைத்தாள்
நாற்பது என்னிடம் இருந்தது.
உள்ளங்கால் அட்டை வெட்டி எடுத்தபின் மிஞ்சியவை.
தாளுக்கு ஒன்பது ஜோடிப் பாதம்,
பாதம் இல்லாத பாதம்.
ஆள் அளவுத் தாளின் மேல் பள்ளிக்கூட ஷூ அளவுத் தாள்,
குதிகால் ஓட்டைக்கு நேரே விரல் ஓட்டை வராமல்
தள்ளித் தள்ளி ஒட்டினேன், இரண்டு வாரம்.
நடுவே கிழிந்த மெத்தையின் பஞ்சு.
கதவடியில் சைக்கிள் ட்யூப்.
விசிறியைச் சுவரில் அறையாமல்
நாலு ரப்பர் கயிற்றில் தொங்கவிட்டேன்.
மெல்ல ஆடியது.
எதைப்போல என்று வாய்வரை வந்தது.
அந்தச் சொல்லை எங்கள் வீட்டில்
இருவருமே எடுப்பதில்லை.

ரேடியோவை உள்ளே அலறவிட்டுக் கதவைச் சாத்தி
மேலே போய்க் கட்டிலில் காது வைத்தேன்.
என் காதுதான் கேட்டது.

வெளியே கசிந்த ஊதாக் கீற்றைப் பார்த்து
எதிர்வீட்டு மிஸஸ் நாயக்கர்
கஞ்சா என்றே முடிவு கட்டிவிட்டார்.
சனிக்கிழமை சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டு வந்து
முழங்கால் வலிக்குக் கொஞ்சம் கிடைக்குமா என்றார்.
ஒரு கை பச்சை மிளகாய் கொடுத்தேன்.
ஏமாற்றத்தை முந்தானையில் முடிந்துகொண்டு போனார்.

போன செவ்வாய் தெருவில் குழாய்க்குப் பள்ளம் தோண்ட வந்தார்கள்.
ஜன்னல் பல்லைக் கடித்தது.
தலையணையோடு இறங்கி வந்தவள்
"தள்ளு" என்றாள்.
மண் மூட்டையை நகர்த்தி இடம் செய்தேன்.
விளக்கு கண்ணைக் குத்துதே என்றாள்.
அணைத்தேன்.
காலை ஒன்பது மணிக்கு
நூற்றுப் பன்னிரண்டு நாற்றுக்கும் இரவாயிற்று.
விசிறிக்குக் கை போனது.
"அது இருக்கட்டும்" என்றாள் இருட்டிலிருந்து.

மேலே வந்து அவள் கட்டிலில் படுத்தேன்,
தார் ரோட்டைத் துளைக்கும் சத்தத்தோடு,
நாலு மணி வரை.
வெளிச்சம் ஒரு நாள் குறைந்தால் பூ பிடிப்பது தள்ளிப் போகுமாம்.
போகட்டும்.

ஆறு மணிக்கு வெள்ளைச் சட்டை மாட்டிக்கொண்டு
சாவியைத் தேடி நின்றவளின் இடது கன்னத்தில்
சுவரோடு ஒட்டித் தூங்கிய தடம்:
ஐந்து வயதுக்கு மேல் இருக்காது,
பெருவிரல் பக்கம் நன்றாகப் பதிந்திருந்தது.
சொல்லவில்லை.
அப்படியே டூட்டிக்குப் போனாள்.